வளைவில் நின்ற வண்டி

ஜூன் 7, சனி

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம். நான் சாம்பல் கேட்டிருந்தேன், பரவாயில்லை.

தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்று ஐந்து நாள் ஆகிறது. பள்ளிக்கூடம் அரவேணுவைத் தாண்டி இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸில் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டும். அதனாலேயே பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட நினைத்தேன். என் வீட்டுக்காரர், இவர்தான் விடவில்லை. "இருபத்தாறு வருசம் பிசிக்ஸ் எடுத்துட்டு, பஸ்ஸுக்குப் பயந்துட்டு ஹெச்.எம். போஸ்ட்ட விடுவியா? கார் வாங்கிக்கலாம் சாரதா. நீயே ஓட்டுனா வாந்தி வராது" என்றார்.

எல்லா ஷோரூமிலும் மூன்று மாதம், நான்கு மாதம் என்றார்கள். இவருடைய சிநேகிதர் முருகானந்தம் கோவையில் ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். அவர் மூலமாக ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. என் பெயரில்தான் வண்டி. ஆனாலும் டெலிவரித் தாள்களை இவரே உள்ளே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் மாலையோடு நின்ற வண்டிக்கு முன்னால் ஃபோட்டோவுக்கு நின்றேன்.

உள்ளே புது வண்டி வாசனை. கூடவே நனைந்த சாக்கு மாதிரி லேசாக ஒரு வாடை. ஏசி போட்டால் போய்விடும் என்றார்.

ஜூன் 12, வியாழன்

நான்காவது நாளாக நானே ஓட்டிப் போனேன். தம்பியின் பழைய காரில் நாலு வருடம் ஓட்டிய பழக்கம் கைகொடுக்கிறது. ஆங்கில ஆசிரியை பிலோமினாவும் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் வருகிறார் என்று தெரிந்தது. இன்றுமுதல் என்னோடு வருகிறார். வழியெல்லாம் பேச்சு. வாந்தி நினைப்பே வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. வேகம் குறைந்து, டேஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து, இன்ஜின் அணைந்தது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. லேசான தூறல், பனி. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிட்டது. பிலோமினா, "புது வண்டிக்குக் கண்ணு பட்டிருக்கும் டீச்சர்" என்றார்.

நான் ஏதாவது தவறாக மிதித்தேனா? நினைவுபடுத்திப் பார்க்கிறேன். இரண்டாவது கியர், கால் ஆக்சிலரேட்டரில். அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது.

ஜூன் 21, சனி

கோவை சர்வீஸ் சென்டர். அப்பாஸ் என்கிற இளைஞர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே காட்டலைங்க மேடம். அவிநாசி ரோட்டுல இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டோம். சும்மா வெண்ணெய் மாதிரி போகுது."

"நான் மலையிலதான நின்னுச்சுன்னு சொன்னேன்? நீங்க சமவெளில ஓட்டிப் பாத்தா?"

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கலாமுங்க. பங்க்கை மாத்திப் பாருங்க."

அப்படியே தாளிலும் எழுதிக் கொடுத்தார். இவர் என்னைவிட வேகமாகத் தலையாட்டினார். இவர் பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். ஒரு மோட்டார் ஏன் நிற்கிறது என்று பத்துக் கேள்வி கேட்காமல் விடமாட்டார். அலைச்சலில் களைத்துப்போயிருப்பார் போல, இன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

மறுபடியும். அதே சாலை, வேறு வளைவு, வேறு பங்க்கின் பெட்ரோல்.

ஜூலை 5, சனி

இந்த முறை கிளட்ச். நான் கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறேனாம், அதனால் தேய்ந்திருக்கிறதாம். கிளட்ச் தேய்மானம் வாரண்டியில் வராதாம்.

"கிளட்ச் தேய்ஞ்சா டேஷ்போர்டு விளக்கு எல்லாம் எதுக்கு எரியணும்?" என்று கேட்டேன்.

அப்பாஸ் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்க்காமல், "மலை ரோட்டுல ஓட்டறது பழக்கம் இல்லீங்கல்ல... இருக்கலாமுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் காரமடை தாண்டியதும் இவரே சொன்னார்: "ஒரு மாசம் டிரைவிங் ஸ்கூல்ல மறுபடி போய்ப் பாரேன். தப்பில்லையே."

தப்பில்லைதான். ஐம்பது வயதில் என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போகலாம்.

ஜூலை 13, ஞாயிறு

டிரைவிங் ஸ்கூல். என்னோடு வகுப்பில் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர். ஒரு பெண் என் பழைய மாணவி. "மிஸ், நீங்க ஓட்டுவீங்கதானே?" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

பயிற்சியாளர் கல்லாறு வரை மேலே கூட்டிப்போனார். இறக்கத்திலும் ஏற்றத்திலும் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தவர், கடைசியில் "உங்க கால்ல ஒண்ணும் குத்தமில்லீங்க. என்னத்துக்கு இங்க வந்தீங்க?" என்றார். வீட்டில் இதைச் சொன்னேன். இவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே, "அது அவங்க வண்டி, பழகுன வண்டி" என்றார்.

ஜூலை 17, வியாழன்

ஒரு நோட்டில் அட்டவணை போட்டிருக்கிறேன். தேதி, நேரம், வானிலை, எந்த கியர், எந்த வளைவு, பெட்ரோல் எவ்வளவு. இதுவரை ஐந்து தடவை. வகுப்பில் சொல்வேன்: நிபந்தனைகள் ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றாக வர வேண்டும். இங்கே ஒரே ஒரு பத்திதான் பொருந்தி வருகிறது. ஐந்து நாளும் ஈரம். தூறல், அல்லது பனி. வெயில் நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் வண்டி என்ன உப்பா, ஈரத்தில் கெட்டுப்போக? எனக்குப் புரியவில்லை.

பேனா இருக்கைக்கு அடியில் விழுந்துவிட்டது. குனிந்து தேடும்போது இருக்கை நகரும் கம்பியில் துரு. கையில் மாவு மாதிரி மெல்லிய மண் ஒட்டியது. பள்ளி மைதானத்து மண்ணாக இருக்கும், என் செருப்பில் வந்திருக்கும். மைதானத்து மண் சிவப்பு. இது வெளிறிய சாம்பல். காய்ந்தால் நிறம் மாறுமோ என்னவோ.

ஜூலை 29, செவ்வாய்

பொறுமையாக எழுதுகிறேன்.

காலை ஏழேமுக்கால். ஏற்றத்தில், வளைவுக்குள் திரும்பும் போதே இன்ஜின் அணைந்தது. பிரேக்கை மிதித்தேன், இறங்கவில்லை, பலகை மாதிரி இருந்தது. வண்டி பின்னோக்கி உருண்டது. கண்ணாடியில் பஸ்ஸின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பஸ்காரர் இடப்பக்கம் ஒடித்து சாலையோரத் திட்டில் முட்டி நிறுத்தினார். எங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் இடம். பிலோமினா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

பஸ்ஸிலிருந்து யாரோ, "ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு மலைக்கு வராங்க" என்றார்கள். அது ஒரு பெண் குரல். அதுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ஜூலை 30, புதன்

பிலோமினாவின் வீட்டு முன்னால் ஹாரன் அடித்தேன். வாசலிலேயே நின்று, "இன்னைக்குக் கொஞ்சம் வேலை இருக்குங்க டீச்சர், நீங்க போங்க" என்றார். எட்டேமுக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேலை முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 2, சனி

எலி.

எலி வயரைக் கடித்திருக்கிறதாம். எலி கடித்தால் வாரண்டி கிடையாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதாம். கடித்த வயரைக் காட்டச் சொன்னேன். "மாத்திட்டோமுங்க மேடம், பழசைத் தூக்கிப் போட்டாச்சு" என்றார் அப்பாஸ். அவர் குரலில் இப்போது பழைய நிதானம் இல்லை. நான் போகும்போதே உள்ளே யாரோ சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று தெரியவில்லை.

கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். "வேண்டாம் சாரதா. முருகானந்தத்துக்கு வேலைக்குப் பிரச்சினையாயிடும். நான் வாயிலயே பேசிச் சரி பண்றேன்."

சிநேகிதருக்காக இவ்வளவு பார்க்கிறார். நல்ல குணம்தான்.

வண்டியில் புதிதாக மூன்று வாசனை டப்பா வாங்கி வைத்திருக்கிறார். கால் மிதியடிகளையும் கெட்டியானதாக மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

பள்ளி முடிந்து கிளம்பும்போது வண்டி எடுக்கவே இல்லை. மழை. அரவேணுவில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் போஜனை வாட்ச்மேன் கூட்டிவந்தார். அறுபது வயதிருக்கும், ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போட்டவர். பானட்டைத் திறந்து பார்த்தார். ஒன்றையும் கழற்றவில்லை. அப்புறம் கதவைத் திறந்து, மூக்கை உள்ளே நீட்டி, மிதியடியை எடுத்து, அதற்கடியில் இருக்கும் விரிப்பின் ஓரத்தை விரலால் தூக்கினார்.

"இங்க பாருங்கம்மா."

விரிப்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். காய்ந்து, வெடித்து, ஏரிக்கரை மாதிரி கோடு கோடாக.

"இது தண்ணில நின்ன வண்டி. இருக்கை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஏறியிருக்கு. வயர் இணைப்பு எல்லாம் உள்ள பச்சை பூத்துப் போயிருக்கும். ஈரம் பட்டா கட் ஆகும், காஞ்சா சேரும்."

"நான் தண்ணிக்குள்ள ஓட்டவே இல்லீங்களே."

"நீங்க ஓட்டுனதுன்னு நான் சொல்லலையே அம்மா" என்றார் போஜன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று மாலையே இவரிடம் சொன்னேன். "மலைல இருக்கிற மெக்கானிக்குக்கு என்ன தெரியும்" என்றார். சாப்பாட்டுத் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக யோசிக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இந்த வருடம் வெள்ளமே வரவில்லை. வண்டியை நாங்கள் எங்கும் தண்ணீரில் விடவில்லை. அப்படியானால் எப்போது? கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது மாதிரி இருக்கிறது. எந்த வரி என்று தெரியவில்லை.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்கு நான் மட்டும் தனியாகப் போகிறேன். இவருக்கு ஓவர்டைம் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 23, சனி

கோவை போய் வந்தேன். மாவு ஆட்டினேன். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

சர்வீஸ் மேலாளர் முதலில், வெளி மெக்கானிக் கை வைத்துவிட்டதால் வாரண்டியே போய்விட்டது என்றார். விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது கை வைப்பதா என்று கேட்டேன். அட்டவணை நோட்டை மேசையில் விரித்தேன். பதினோரு தடவை, தேதியோடு. அவர் அதைத் திருப்பிப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். பிறகு ஒரு தாளை அச்சடித்து என் முன்னால் வைத்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியுமே மேடம். சம்மதிச்சுத்தானே எடுத்தாரு?"

'போன ஆண்டு மழையில் இருப்புக் கிடங்கில் நீர் தேங்கிய இடத்தில் நின்றிருந்த வாகனம் என்பதை அறிந்து பெற்றுக்கொள்கிறேன்.' கீழே இவருடைய கையெழுத்து. கு என்ற எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிடுவார், குழந்தைவேல் என்று எழுதும்போது. ஜூன் ஏழாம் தேதி.

பிரதி ஒன்று கேட்டேன். கொடுத்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தாளை இவர் முன்னால் வைத்தேன். எடுத்துப் படித்தார்.

"டயர் மட்டுந்தான் நனைஞ்சுதுன்னான் முருகானந்தம். கழுவித் தொடைச்சாச்சுன்னான். நாலு மாசம் காத்திருந்தா நீ அந்த போஸ்ட்ட விட்டுருவ. அதனாலதான் எடுத்தேன் சாரதா. சத்தியமா உனக்காகத்தான்."

"நம்புனது சரிங்க. ஏமாந்துட்டீங்க. முதல் தடவை நின்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரிஞ்சுதா இல்லையா?"

"சந்தேகம் வந்துச்சு."

"அப்புறம் நான் கிளட்ச் தப்பா மிதிக்கறேன்னு ஏன் சொன்னீங்க?"

தலை குனிந்துகொண்டார். ஜன்னல் பக்கம் யாரோ தக்காளி விற்றுக்கொண்டு போனார்கள். நான் போய் ஒரு கிலோ வாங்கி வந்தேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை, வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பஸ்ஸில் போகிறேன். இரண்டு நாளும் குஞ்சப்பனையில் வாந்தி. முதுகு வலிப்பதால் ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

கோவையில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். நுகர்வோர் வழக்குகள்தான் எடுக்கிறார். இவரும் கூட வந்தார், நான் கூப்பிடவில்லை.

வக்கீல் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தார். "இது தங்களைக் காப்பாத்தும்னு நினைச்சுக் காட்டிட்டாங்க. இது அவங்க குடுத்த வாக்குமூலமுங்க. தண்ணில நின்ன வண்டின்னு அவங்களுக்கு முதல் நாளே தெரியும். அப்புறம் பெட்ரோல், கிளட்ச், எலின்னு மூணு தடவை எழுத்துல குடுத்திருக்காங்க. வண்டி ஓனர் நீங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கையெழுத்தும் உங்களோடதில்ல."

என்னைத் தோற்கடித்த தாள் என்று நினைத்து இரண்டு வாரமாகப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

"ஆனா ஒண்ணு" என்று இவர் பக்கம் திரும்பினார். "டயர் மட்டும் நனைஞ்சுதுன்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க, என்ன சொன்னாங்க, நீங்க மேடத்துக்கிட்ட ஏன் சொல்லல, எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா எழுதிக் கையெழுத்துப் போடணும். முருகானந்தம் பேரும் வரும். போடுவீங்களா?"

இவர், "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார்.

யோசிக்கட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தபோது மேசையில் பிரமாணப் பத்திரத்தின் நகல், நாலு பக்கம். முத்திரைத் தாளில் தட்டச்சு. இவர் அரை நாள் விடுப்புப் போட்டு, தானே கோவை போய் எழுதிக் கொடுத்து வந்திருக்கிறார். வரும் வழியில் முருகானந்தத்தின் வீட்டுக்கும் போய் நேரிலேயே சொல்லிவிட்டாராம். முப்பது வருடச் சிநேகிதம். அவர் கதவை அடைத்துவிட்டாராம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'வாகனத்தில் குறை இருக்கலாம் என அறிந்திருந்தும், என் மனைவியின் ஓட்டும் முறையே காரணம் என அவரிடமும் பிறரிடமும் கூறினேன். அது உண்மையல்ல.'

வக்கீல் மொழிதான். இரண்டு தடவை படித்தேன். பிறகு எலுமிச்சை சாதம் செய்தேன், இவருக்குப் பிடிக்கும். வீட்டில் எலுமிச்சம்பழம் கிடந்தது, அதனால்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

வக்கீல் நோட்டீஸ் கம்பெனிக்கும் ஷோரூமுக்கும் போயிருக்கிறது. சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து வண்டியை முழுக்கக் கழற்றிப் பார்க்கிறாராம். அப்பாஸ் போன் செய்தார். "மேடம், மேல இருந்து சொல்லச் சொன்னதைத்தான் நான் சொன்னேனுங்க" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கம்பெனியிடமிருந்து கடிதம். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு புது வண்டி தருகிறார்கள். தயாரிப்புக் குறை இல்லை, நல்லெண்ண அடிப்படையில்தான் என்று எழுதியிருக்கிறார்கள். குறை இல்லை என்றால் எதற்கு வேறு வண்டி? வக்கீல் சொன்னார், "அவங்க அப்படித்தான் எழுதுவாங்க. மன்னிப்பு வேணும்னா வழக்குப் போடலாம், மூணு வருசம் ஆகும். வண்டி போதும்னா வாங்கிக்கங்க."

வண்டி போதும் என்றேன். சொன்ன பிறகு, போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி வர ஆறு வாரம் ஆகும். சாம்பல் நிறம்.

அக்டோபர் 17, வெள்ளி

மதியம் பிலோமினா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், நேத்து நீங்க கோத்தகிரிக்கு மீட்டிங் போயிட்டீங்கல்ல? அப்ப உங்க வீட்டுக்காரர் இங்க வந்தாருங்க."

"இங்கயா? எதுக்கு?"

"பஸ்லதான் வந்தாரு. ஸ்டாஃப் ரூம்ல நாங்க ஏழெட்டுப் பேர் இருந்தோம். வாசல்லயே நின்னுட்டு, 'ஒரு நிமிசம் பேசணுமுங்க'ன்னாரு. 'சாரதாமணிக்கு நல்லா ஓட்டத் தெரியும். அது வெள்ளத்துல நின்ன வண்டி. எனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டே அவ மேல பழியப் போட்டேன். நீங்க எல்லாம் அவளத் தப்பா நினைச்சிருந்தா அது என்னால'ன்னாரு. உக்காருங்க, காபி குடிங்கன்னோம். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு." பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னைக்கு வேலை இருக்குன்னு பொய் சொன்னேன் டீச்சர்."

"தெரியும்" என்றேன்.

மாலை வீட்டுக்கு வந்தேன். இவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். நேற்று வந்ததைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். சர்க்கரை சரியாக இருந்தது.

கோபம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை என்று ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன், அது பொய். இருக்கிறது என்று இப்போது எழுதலாம். ஆனால் காட்டுப்பக்க வளைவுகளில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மனிதர் கண்ணில் நிற்கிறார். அவரையும், என்னை டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பிவைத்தவரையும் ஒரே ஆளாக நினைக்க முடியவில்லை. ஒரே ஆள்தான்.

டீ குடித்து முடித்ததும், "நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னியே, பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?" என்றார்.

"நானே எந்திரிச்சுக்குவேன்" என்றேன்.

சரி என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். குழாயடியில் அவர் கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கொடுத்தேன்: "அஞ்சரைக்கு எழுப்புங்க."